இலைக்கு இன்னும் தெரியவில்லை

பிரிக்பீல்ட்ஸ் நாட்டுமருந்துக் கடையில் இன்று மருதம்பட்டை மூட்டையைப் பிரித்தார்கள். "அங்கிள், நெஞ்சுக்கு நல்லது லா," என்றார் கடைக்காரர். அந்தத் துவர்ப்பு வாடை வந்ததும், மாயாற்றங்கரையில் உங்களோடு நின்ற காலை நினைவுக்கு வந்தது.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி விற்ற நீங்கள், விடுமுறைக்குக் கடல் தாண்டி ஊர் போகும்போது என்னையும் ஒருமுறை அழைத்துச் சென்றீர்கள். ஆற்றோரம் உயர்ந்த மருதமரம். உச்சியில் பாறுக் கழுகின் கூடு. ஆண்டுக்கு ஒரே முட்டை, கூடுமானவரை அதே மரம். நான் அண்ணாந்தே நின்றேன். நீங்கள் அடிமரத்தைக் காட்டினீர்கள். யானை தந்தத்தால் குத்தி, துதிக்கையால் பட்டையை நீளமாக உரித்திருந்தது.

"யானையத் திட்டாதீங்க சார், கோடையில அதுக்கும் வேற என்ன இருக்கு? ஒரு பக்கம் உரிச்சா மரம் தாங்கும். சுத்தி உரிச்சா வேர் பட்டினி. ஆனா உடனே சாகாது, இலை பச்சையாவே இருக்கும். அதுதான் பயம்," என்றீர்கள்.

நீங்கள் காலமான பிறகு, அங்கே காட்டில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிதான் அந்த மரத்தின் படம் அனுப்புகிறார். போன வாரம் வந்ததை எடுத்துக்கொண்டு செந்தூலில் உள்ள உங்கள் அடுக்ககத்துக்குப் போனேன். உங்கள் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"குஞ்சு இருக்குண்ணே. மரமும் பச்சையாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். அடுத்த வருஷம் மகளோட போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

சொல்வதா வேண்டாமா என்று தேநீர் ஆறும்வரை யோசித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி, விரலால் மெல்லக் கீழே நகர்த்தினேன். அடிமரம் ஏறக்குறையச் சுற்றிலும் பட்டை உரிந்திருந்தது. பின்புறம் ஒரு கையகலம் மட்டும் பட்டை மிச்சம் என்று உங்கள் தம்பி எழுதியிருந்தார்.

அவர் குனிந்து பார்த்தார். "இலைக்கு இன்னும் தெரியலையா?"

"தெரியல மா."

"அப்ப குஞ்சு?"

"இது பறந்துடும். அடுத்த வருஷம் ஜோடி திரும்பி வர்றப்பதான் மரம்..."

அவர் என்னை முடிக்க விடவில்லை: "அப்ப இந்த மாசமே போவோம். நீங்களும் வர்றீங்க." சரி என்றேன்.

உங்கள் தம்பியிடம், யானை தொடாதபடி மரத்துக்குக் கம்பிவலை சுற்றலாமே என்று கேட்டேன். "உரிச்ச எடத்துல சுத்தி என்ன சார் பண்ண? மிச்சம் இருக்கறதுக்காவது சுத்தலாம்னு மேலதிகாரிகிட்ட கேட்டிருக்கேன்," என்றார். நேற்று மறுபடி பேசினார். மழை இல்லையாம். யானைக் கூட்டம் ஆற்றோரம் இறங்கிவிட்டதாம்.

உங்கள் தொலைநோக்கி என்னிடம்தான் இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரையில் நின்றதும் அதை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவர் கூட்டைப் பார்க்கட்டும். எனக்கு அது வேண்டாம். அந்தக் கையகலம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க, உங்கள் தம்பியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போவேன்.