கற்பூரம் எரியும் வரை

கரடிப்போக்கு,
கிளிநொச்சி.
05.12.2024

அன்பின் கிருசாந்தனுக்கு,

கோகுலன் எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் சுகம். உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறா. அந்தக் குளிரில் நீயும் தாட்சாயினியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். வட்ஸ்அப்பில் குரலாக அனுப்ப மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். நேரே கதைத்தால் நீ இடையில் மறிப்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். என் கராஜுக்குப் பின்வீட்டு சுகந்தினி அக்கா வருகிற கிழமை மகளிடம் மொன்றியலுக்குப் போகிறா. அவாவிடம் கொடுத்துவிடுகிறேன். தனியே இருந்து வாசி.

இம்முறை மழை கூடிவிட்டது. அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்கிறது. உங்கள் வயலை எதிர்வீட்டுத் தர்ஷனின் தகப்பன்தான் விதைத்திருக்கிறார். கீழ்ப் பக்கம் அரை ஏக்கர் அழுகிவிட்டது, மிச்சம் தப்பும் என்கிறார். குசினிக் கூரையில் ஒழுக்கு இருந்தது, ஓடு மாற்றிவிட்டேன். அம்மா இப்போது ஒரு நேரம்தான் உலை வைக்கிறா. கேட்டால், "ஒரு ஆளுக்கு எத்தினை தரம் அடுப்பு மூட்டிறது" என்கிறா.

தர்ஷன் உங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டே வருவதில்லை. உன் ஐயாவின் செத்த வீட்டன்று நீ போனில் அவனைப் பேசிய பேச்சுக்குப் பிறகு உங்கள் வாசல் படலையை அவன் திறக்கவில்லை. "கார்த் திறப்பைத் திருகத் தெரியாத எருமை" என்று சொன்னாயாம். அவன் அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

போன மாதம் நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். மாசியில் ஐயாவின் முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு வரும்போது, நீர்கொழும்பில் ரோட்டரி என்ஜின் மட்டும் செய்கிற அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் உன் காரின் என்ஜினைக் கழற்றிப் பார்ப்பாய் என்றாய். "ஆர் நாசமாக்கினது எண்டு அண்டைக்குத் தெரியும்" என்றாய். அதை நீ செய்யக் கூடாது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மற்றக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். உன் காரில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவான கூட்டுக்குள் முக்கோணமான உருளி ஒன்று சுற்றுகிறது. அப்படி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று; இதுதான் ரோட்டரி. அவற்றின் மூலைகளில் மெல்லிய பட்டிகள் இருக்கின்றன. அந்தப் பட்டிகள் எண்ணெய் பூசிய சுவரோடு ஒட்டி ஓடினால்தான் உள்ளே காற்றும் பெற்றோலும் அமுங்கிப் பற்றும். பட்டி விட்டுக்கொடுத்தால் அந்த அமுக்கம், கொம்பிரஷன், போய்விடும். அதற்குப் பிறகு என்ஜின் சும்மா சுற்றுமே தவிரப் பிடிக்காது.

இந்த என்ஜினை ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை ஓட விட வேண்டும். சூடேறும்வரை அது பெற்றோலை அள்ளி எடுக்கும். இடையில் நிறுத்தினால் எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி, சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஒரு தடவை செய்தால் தப்பிக்கொள்ளும். கிழமைக் கிழமை செய்தால் பட்டிகள் வறண்டு தேயும், கரி பிடித்து இறுகும். நீ ஓட்டிய காலத்தில் எடுத்தால் கொழும்பு, இல்லாவிட்டால் யாழ்ப்பாணம், எல்லாம் நெடுந்தூர ஓட்டம். அதனால் இந்தக் கதை உனக்கும் தெரிய வரவில்லை.

2021இல் நீ வெளிநாடு போகும்போது காரை வீட்டில் விட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம்தான் ஒப்படைத்தாய். அடுத்த மாதம் வந்து பார்த்தபோது நான்தான் அம்மாவிடம் சொன்னேன், "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கோ அம்மா, பற்றறி சாகாது" என்று. எல்லாக் காருக்கும் சொல்வதை இதற்கும் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று நான் சொல்லவில்லை. அம்மா வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்தா. காலையில் முழுகி, முன் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, பொனற்றில் திருநீறு பூசி, முன்னால் கற்பூரம் கொளுத்தி, பிறகு திறப்பைத் திருகுவா. கற்பூரம் எரிந்து முடிந்ததும் நிறுத்திவிடுவா. ஒரு கட்டிக் கற்பூரம், இரண்டு நிமிடம். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் திரிந்தபோதும் தாங்கியில் இருந்ததை எவருக்கும் கொடுக்காமல் வைத்து, வெள்ளிக்கு வெள்ளி ஸ்டார்ட் பண்ணியிருக்கிறா.

2023 ஆவணியில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "முந்தி ஒரு திருகிலை வரும் தம்பி, இப்ப நாலு தரம் திருக வேண்டிக் கிடக்கு" என்று சொன்னா. நான் போய்க் கொம்பிரஷன் பார்த்தேன். என்னிடம் இருந்தது சாதாரண என்ஜினுக்குரிய மானி. அது ஒரு உருளியின் மூன்று முகங்களில் எது கூடவோ அதை மட்டும் பிடித்துக் காட்டும். ஒரு முகம் நல்லாயிருந்தால் பழுதான மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நல்ல கணக்கு வருகிறது என்று சொல்லிப் புதுப் பற்றறி பூட்டினேன். புதுப் பற்றறி வேகமாகச் சுற்றியதால் என்ஜினும் பிடித்தது. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். எனக்குப் பால்தேத்தண்ணி போட்டுத் தந்தா.

இனி அந்த நாள். இந்த வருடம் மாசி 16, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அம்மா வழமைபோல ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியிருக்கிறா. பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஐயாவுக்கு நெஞ்சுக்குள் பிடித்தது. முன்னொரு தடவை வந்தபோது டொக்டர்மார், திரும்ப வந்தால் நேரே கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி முதலே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுவடை நாள். ஓட்டோக்காரர் உட்பட எல்லோரும் வயலில். தர்ஷன் ஓடிவந்து ஐயாவைப் பின் சீற்றில் ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருகினான். பிடிக்கவில்லை. எனக்குப் போன் அடித்தான். போனுக்குள்ளால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல என்ஜின் சுற்றும்போது விட்டு விட்டு இடிக்கிற சத்தம் வரும். இது இடியில்லாமல் ஒரே இழுவையாக, வெறும் மோட்டர் சுற்றுகிற மாதிரி இருந்தது. நான் சொன்னேன், "அக்சிலேற்றரைக் கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சு மிதிச்சு ஸ்டார்ட் அடியடா" என்று. அடிவரை மிதித்துப் பிடித்திருந்தால் பெற்றோல் வருவது நின்று, ஒருவேளை உள்ளே தேங்கியது வெளியேறி என்ஜின் பிடித்திருக்கும். நான் சொன்னது இன்னும் பெற்றோலை ஊற்றியது. பற்றறி இறங்கும்வரை அவன் நான் சொன்னதைத்தான் செய்தான்.

பத்து ஐம்பதுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஐயாவைக் கிடத்திப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு பட்டா லொறியை மறித்து மாற்றினார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பன்னிரண்டு ஐந்துக்கு வந்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஐயா போய்விட்டார். அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் தப்பியிருப்பாரா என்று டொக்டரிடம் நான்தான் தனியே கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

நீ சொன்ன அந்த நீர்கொழும்புக்காரருக்கு நான் கார்த்திகையில் போன் எடுத்தேன். நல்ல மனிதர். காரை அவர் பார்க்கவுமில்லை. அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஓடாம விட்டு இடையில யாராவது கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணினாங்களா?" என்பது. தன்னுடைய மானியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். போன கிழமை காரைக் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஒவ்வொரு முகத்திலும் கணக்கு ஏழுக்குக் குறையக் கூடாது. முன் உருளியில் 6.8, 4.1, 4.4. பின் உருளியில் 5.2, 3.9, 4.6. அதற்குப் பிறகு திறந்தும் பார்த்தேன். தர்ஷன் அன்றைக்குத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்ததால் வந்த சேதம் எதுவும் இல்லை. அது மூன்று வருடத் தேய்மானம்.

விளங்குகிறதா? அந்த மனிதர் உங்கள் முற்றத்தில் நின்று அதே கேள்வியைத்தான் முதலில் கேட்பார். அம்மா ஒளிக்க மாட்டா. நான்தான் என்று முன்னுக்கு வந்து சொல்லுவா, பெருமையாகவும் சொல்லுவா. அடுத்த நிமிடம் அவர் காரணத்தைச் சொல்லிவிடுவார்.

காரை எடுக்கப் போனபோது அம்மா படலைவரை பின்னால் வந்தா. "ஒரு வெள்ளியும் விடேல்லைத் தம்பி. பிறகேன் அது அண்டைக்கு மட்டும் ஏமாத்தினது?" என்று கேட்டா. நான் வாய் திறக்க முதல், "கற்பூரத்தின்ரை சூடு ஏதும் பிடிச்சதோ?" என்றா. இல்லையம்மா, நான் பார்த்த வேலையில்தான் பிழை, பழுதை நான் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். அவாவோ, "நீ அப்பிடி வேலை செய்யிறவன் இல்லை" என்றா. நம்பவில்லை. நாலு நாளாக முன்விறாந்தைக் கதிரையில் இருந்து கார் நின்ற இடத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறா என்று தர்ஷனின் தாய் சொல்கிறா. இன்னும் ஒரு மாதம் விட்டால் தானாகவே கண்டுபிடித்துவிடுவா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் அம்மாவிடம் சொன்னது பொய் இல்லை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னவன் நான். பிழையான மானியை வைத்துப் பார்த்து நல்லம் என்றவன் நான். போனில் மிதிக்கச் சொன்னவனும் நான். அம்மா செய்தது நான் சொன்னதை மட்டும்தான். என்னோடு நீ இனிக் கதைக்காவிட்டாலும் அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் எனக்காக இல்லாமல் அவாவுக்காக இதைச் செய். அந்த மனிதரை வீட்டுக்குக் கூட்டிவராதே. பார்க்க வேண்டுமென்றால் கராஜில் வைத்துப் பார்க்கட்டும். வந்ததும் முதலில் எதிர்வீட்டுக்குப் போய்த் தர்ஷனோடு கதை. அதன் பிறகு எனக்குச் சொல்லியனுப்பு, வருகிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்க என்னை முற்றத்தில் நிறுத்தி, ஐயாவைக் கொன்றவன் நீயென்று வாயில் வந்தபடி பேசு. நீயும் சொன்னால்தான் அவா நம்புவா. "அவனைப் பேசாதை" என்று குறுக்கே வந்து மறிப்பா. அப்போதும் நிறுத்தாதே.

ஐயாவின் ஆசி உன்னோடும் உன் பிள்ளையோடும் இருக்கட்டும். பத்திரமாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பாராமல்,
செ. கோகுலன்