மோர்ப் பாறையைத் தாண்டிய கால்

இன்று காலை எங்கள் கிளினிக்குக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறதடா. பேனா பருமன்தான். பாதத்தில் பசை தடவி அதன் முனையை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் வெளியே கேட்கும். அனந்தபுரத்திலிருந்து கால்வலி என்று வந்திருந்த ஓர் அம்மாவின் வலது பாதத்தில் வைத்துப் பார்த்தேன். உஷ்க், உஷ்க் என்று அறை முழுக்கக் கேட்டது. "கேக்குது, கேக்குது" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டரே எழுந்து வந்துவிட்டார். நர்ஸ் வேலையில் தலை நரைத்தவன் இப்படியா குதிப்பான் என்று நினைத்திருப்பார். அவர் ஊருக்குப் புதியவர், உன்னைத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்ச். நான் ஊசி போடப் போனேன், நீ கோட்டையில் கைடாகிக் கதை சொல்லப் போனாய். அந்த ஞாயிற்றுக்கிழமை, சீயமங்கலத்திலிருந்து வந்த என் மச்சினன் குடும்பத்தை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடவே ராஜகிரி மலை ஏறினேன். கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை மூச்சு விடாமல் ஏறுகிறவன், அன்றைக்கு அதற்குள் நாலு இடத்தில் நின்றாய். நின்ற இடமெல்லாம் ஒரு கதை. மூன்றாவது தடவை ஒரு மொட்டைப் பாறையைக் காட்டி, "ராஜா இங்க ஒக்காந்துதான் மோர் குடிப்பாரு" என்றாய். மச்சினன் அதை பயபக்தியோடு போட்டோ எடுத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம்தான் உன் கை இடது கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"இன்னாடா, நோவுதா?"

"நடந்தா நோவுது, நின்னா ரெண்டு நிமிசத்துல போய்டுது. மல ஏர்றவனுக்குக் கெண்டைக்கால் நோவாம காதா நோவும்?"

நம் ஊரில் இதுதான் வம்பு. கோட்டையில் பிழைக்கிற எல்லாருக்கும் கால் வலிக்கும், அதனால் எவன் வலியையும் எவனும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நின்றால் போய்விடும் வலி என்றதும் ரத்தம் போகாத காலோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அங்கேயே செருப்பைக் கழற்றச் சொன்னேன். கட்டைவிரலில் செருப்பு கடித்த புண், ஒரு மாதமாக ஆறவில்லை என்றாய். அந்த வெயிலிலும் பாதம் சில்லென்று இருந்தது. வலது பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தேன், நாடி துடித்தது. இடதில் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவே இல்லை.

உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கிளப்புவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "கால எடுத்துருவாங்கடா. ஒத்தக் கால்ல நின்னு எவனுக்குக் கத சொல்றது?" என்றாய். "இப்ப வரலன்னாதான்டா எடுப்பாங்க" என்று பிடித்துத் தள்ளி பஸ் ஏற்றினேன். அங்கே கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார்கள். கையில் இருந்ததில் பாதிகூடக் கணுக்காலில் இல்லை. ஸ்கேன் எடுத்தால் தொடையில் ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்தது. தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். சாயங்காலம் ஒரு நர்ஸ் பெண் இதே மாதிரிப் பேனாவை உன் இடது பாதத்தில் வைத்தாள். "இன்னாடா இது, ரயிலு வருது" என்றாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் பீடியை விட்டாய். மாத்திரைகளைத் திட்டிக்கொண்டே விழுங்கினாய். வலிக்கும் வரை நட, நில், மறுபடி நட என்று டாக்டர் சொன்னதைக் கோட்டை அடிவாரத்துக் கல்யாண மகாலைச் சுற்றியே செய்து தீர்த்தாய். புண் ஆறியது. ஒருநாள் மலைமேலிருந்து போன். "மோர்ப் பாறையத் தாண்டிட்டன்டா, நிக்கவே இல்ல. கோயிலாண்ட இருக்கறேன். மூச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தியா வாங்குது." தாண்டிவிட்டாய் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கிளினிக்கில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

காலில் அடைப்பு இருந்தால் நெஞ்சிலும் இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்று பாண்டிச்சேரி டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். "காலே சரியாய்டுச்சி, நெஞ்சுக்கு இன்னா கேடு?" என்றாய். நானும் விட்டுவிட்டேன். விவரம் தெரிந்த நான், கால் பிழைத்த குஷியில் விட்டுவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தாய். உன் மேலும் என் மேலும் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்றைக்கு அந்த அம்மாவின் இடது பாதத்தில் சத்தம் மிகவும் மங்கல். ஆனால் புண் எதுவும் இல்லை, கால் பிழைத்துவிடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாண்டிச்சேரிக்கு டாக்டர் சீட்டு எழுதிய கையோடு, இங்கேயே இசிஜியும் எடுத்துவிடலாம் என்றேன்.

"கால்தானப்பா நோவுது, நெஞ்ச இன்னாத்துக்குப் பாக்கற? பஸ்ஸு போய்டும்" என்று அந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு இசிஜி அறைக்குள் போய்விட்டேன். திட்டிக்கொண்டே பின்னால் வந்து படுத்தார்.

உன் பையையும் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்டா.