பட்டாணிகளின் தவக்காலம்

என் செல்ல ஸ்டெல்லா அக்காவுக்கு,

உட்கார்ந்து கேள். நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைந்ததும், "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்காமல் தினமும் நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிடு.

நீ போன பிறகு இந்தச் சாந்தோம் வீட்டில் மிஞ்சியது நானும் உன் மீன்தொட்டியும்தான். கடைக்காரர் அந்த மீன்களை 'பீ பஃபர்' என்றபோது, இந்தப் பெயரை வெளியே எப்படிச் சொல்வது என்று நீதான் 'பட்டாணி' என்று பெயர் வைத்தாய். உருவம்தான் பட்டாணி, குணம் பேட்டை ரவுடி. உயிரோடு ஊர்கிற எதையும் விட்டுவைக்காது. அவற்றுக்குத் தீனியாகவே நீ நத்தை வளர்த்தாய்.

"அது ஆத்து மீனுக்கா. தொட்டில முட்டை போட்டாலும் நிக்காது" என்று கடைக்காரர் எத்தனை முறை சொன்னார்! நீ மசியவேயில்லை. பாசியை விலக்கி விலக்கித் தேடினாய். நீ கண் மூடும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை.

அடையாறிலிருந்து அண்ணன் வந்தார். "அவளே போயிட்டா. இத வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போற செலின்? யாருக்காவது குடுத்துடலாம்." அந்தத் தொட்டியும் போனால் இந்த வீட்டில் உன்னுடையது என்று அசைவது எது?

"ஈஸ்டர் வரைக்கும் விடுண்ணா. அதுக்குள்ள குஞ்சு பொரிச்சா?"

"பொரிச்சா, ஆயுசுக்கும் தொட்டிய நானே கழுவுறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நம் நத்தை வழக்கு ஞாபகமிருக்கிறதா? தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது என்றால் நம் வீட்டு மீனுக்கும் கூடாது என்றாய். நத்தை தண்ணீரில்தானே வாழ்கிறது, அது மீன் கணக்குதான் என்றேன் நான். ஓட்டுக்குள் இருப்பது சதை, அது இறைச்சியேதான் என்றாய் நீ. வழக்கு பங்குக் கோயில் வரைக்கும் போனது. "அதுங்களுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சாம்மா?" என்று ஃபாதர் சிரித்தார். "ஆயிடுச்சு ஃபாதர், பேரு பட்டாணி" என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல். வெள்ளிதோறும் நத்தைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சனிக்கிழமை திரும்ப விடுவாய்.

நீ இல்லாத முதல் தவக்காலம் இது. உனக்காக நாள் தவறாமல் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தேன். சரி, வழக்கையும் உனக்கே விட்டுக்கொடுப்போம் என்று தோன்றியது. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்றே நத்தை ஒன்றையும் விடாமல் வெளியே எடுத்தேன். பட்டாணிகளுக்குக் கொசுப்புழு மட்டும்தான். அதில் ரத்தமில்லை, அதனால் சைவம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், ஆண் பட்டாணி பெண்ணை விரட்டி விரட்டிப் பாசிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அப்புறம் பாசியில் கடுகைவிடச் சின்னதாகக் கண்ணாடி மணிகள். தாயும் தகப்பனும் தின்றுவிடுமே என்று பாசியோடு எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே ஜெபமாலையும் சொன்னேன். வேறென்ன செய்ய?

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார். "நத்தைய எடுத்துட்டியாக்கா? அதான் மேட்டரு! அதுங்கதான் இத்தினி நாளா முட்டைய துன்னுகினு இருந்துச்சு!"

கேட்டாயா? நீ ஊட்டி வளர்த்த நத்தைகள்தான் திருடர்கள்! பட்டாணிகளுக்கு வாரம் ஒருநாள் ஒருசந்தி போதவில்லை அக்கா.

ஈஸ்டர் அன்று அண்ணன் பிரியாணியோடு வந்தார். பாத்திரத்துக்குள் குனிந்தார். கமா அளவுக் குஞ்சுகள், உடம்பெல்லாம் கண். "அடியே, முறைக்குதுடி" என்றார். இன்னும் கொஞ்சம் குனிந்து, "ஸ்டெல்லா மாதிரியே முறைக்குது" என்றார். இரண்டு பேரும் அழுதோம், சந்தோஷமாகத்தான். பிறகு அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தேன். முனகிக்கொண்டே கழுவினார்.

வழக்கில் நீ ஜெயித்துவிட்டாய். நத்தை இறைச்சியேதான். இனி எந்தத் தவக்காலத்திலும் ஒரு நத்தைகூட உள்ளே போகாது, இது சத்தியம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு குஞ்சுகளின் வீடியோவும் கொண்டுவருகிறேன்.

"பட்டாணி முட்டை போட்டுச்சாடி?"

போட்டுச்சுக்கா.

உன் தங்கச்சி,
பட்டாணிக் குஞ்சுகளின் சின்னம்மா,
செலின்