ஆஸ்பத்திரியின் கணினி

அன்புள்ள அம்மாவுக்கு, சுகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எங்கள் தொழிற்சாலை பற்றிய செய்தியைப் பார்த்துப் பயந்திருப்பீர்களோ என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் யாரோ எங்கள் கணினிகளுக்குள் புகுந்து எல்லா உற்பத்தி லைனையும் நிறுத்திவிட்டார்கள். ஷிப்டுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். தாக்குதல் வெளிநாட்டுக் கணினி ஒன்றிலிருந்து வருவதை நானும், கணினிப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் டில்லிபாபுவும் கண்டுபிடித்தோம்.

"இன்னா யோசிக்கிற? நாமளும் உள்ள பூந்து அத்த காலி பண்ணிடலாம்" என்றார் அவர்.

எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அது ஓர் ஆஸ்பத்திரியின் கணினி என்று தெரிந்தது. எங்கள் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் அதையும் பிடித்து, அதன் வழியாக எங்களைத் தாக்கியிருக்கிறார்கள்.

"அண்ணே, அங்க நோயாளிங்க இருப்பாங்க. அடுத்த நாட்டுக்குள்ள நாம கை வைக்கச் சட்டமும் விடாது. நம்ம அரசாங்கம் அந்த நாட்டுக்குச் சொல்லட்டும். தடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு" என்றேன்.

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். டெல்லியில் இதற்கென்று இருக்கும் அரசு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தோம். லைன் மேலும் சில நாள் நின்றது. மேனேஜர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்த நாட்டுக்காரர்களே ஆஸ்பத்திரிக் கணினியைச் சரிசெய்துவிட்டார்கள்; எங்கள் லைனும் ஓடத் தொடங்கியது. அங்கே பிரசவ வார்டு அந்தக் கணினியை நம்பித்தான் ஓடியதாம். அதைக் கேட்டதும் டில்லிபாபு எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.

படப்பை ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை. இட்லிப்பொடி மட்டும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள்
சுகப்பிரியா