நேரில் பார்த்தவர்

பிப்ரவரி 9

வாலுவின் அப்பாவுக்கு,

நலம்தானே? மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஆய்வகத்தில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களைச் சுழலவிட்டு, இயந்திரம் நிற்கும்வரை கைபேசியில் பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் படிக்கிறேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. சிரிக்காதீர்கள், இந்த வயதில் இப்படியொரு கிறுக்கு எனக்கு.

அந்த நாடகங்களில் பெரும்பாலும் யாரும் நம் கண்முன் சாவதில்லை. நேரில் பார்த்தவன் ஓடிவந்து, வீட்டாரிடம் ஒன்றுவிடாமல் சொல்கிறான். அவர்களும் நின்று கேட்கிறார்கள். நான் மூன்று வருடமாகக் கேட்கவில்லை. கேட்டால் உங்களை வெறுத்துவிடுவேனோ என்று பயம். நீங்களும் வீட்டைவிட்டுப் போய்விட்டீர்கள்.

அன்று மைதானத்தில் நம் மகளுக்கு என்ன நடந்தது? இப்போது கேட்கிறேன், சொல்லுங்கள்.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள உனக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

மாலைப் பயிற்சி. நாலாவது சுற்றில் நின்றுவிட்டாள். "அப்பா, முடியலப்பா" என்றாள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் தன் மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வரக் கூடாதே என்று, "நடிக்காத. இன்னும் ஒரே ஒரு சுத்து, ஓடு" என்றேன்.

ஓடினாள். வளைவில் உட்கார்ந்து, அப்படியே படுத்துவிட்டாள். எத்தனை தடவை அப்படி என்னை ஏமாற்றியிருக்கிறாள்! மெதுவாகத்தான் நடந்து போனேன். சிரித்துக்கொண்டே போனேன்.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். ஓடச் சொன்னது நான். அதற்குப் பிறகு விசிலைத் தொட முடியவில்லை. இப்போது கிடங்கில்தான் வேலை.

இனி நீ எழுதாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

இவன்


மார்ச் 6

வாலுவின் அப்பாவுக்கு,

படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

அன்று காலையில் அவள் என்னிடமும் சொன்னாள். "அம்மா, நெஞ்சு படபடன்னு இருக்கு." கணக்குப் பரீட்சை நாள். "இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம், கெளம்பு" என்றேன். ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள், என் பிள்ளையின் கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் உங்களைப் பழித்தபோதெல்லாம் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். நீங்கள் பெட்டியோடு படியிறங்கியபோதும் சொல்லவில்லை. பழி உங்கள்மேல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்ட வேண்டுமானால் திட்டிவிடுங்கள். அப்புறம் எனக்கு ஒன்று வேண்டும். அவள் செய்த சேட்டைகளில் உங்களுக்கு மட்டும் தெரிந்தவை நிறைய இருக்கும். அவற்றைச் சொல்லுங்கள்.

வாலுவின் அம்மா