சாயம் படாத இடம்

வாயைத் திறக்காத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் வரைந்து என் தையல் கடையில் விட்டுப்போன ஆள் உயர நீல ஓவியத்தைத் துணியில் அச்சடித்து கவுன் தைக்கிறேன். நடுவில் உள்ளங்கை அளவு வெள்ளை. சாயம் தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

தோளுக்கு ஏற்றினேன், முதுகுக்குத் தள்ளினேன். எங்கே வைத்தாலும் உறுத்தியது. "மடிப்புல மறைச்சிடலாம்மா" என்றார் கட்டிங் மாஸ்டர். மறைத்தாயிற்று.

இன்று அதே அச்சில் மீதமிருந்த வெட்டாத துணியைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். அது என் உயரம். வெள்ளை சரியாக அடிவயிற்றில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பிய மாதம் வரைந்தது அல்லவா? அன்று உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று கத்தினேனே.

மடிப்பைப் பிரித்துவிட்டேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம்.

இப்படிக்கு,
அன்று அதிகம் பேசியவள்