காலிக் குதிருக்குத் தோத்திரம்

அன்பு மகள் எனெலெசிக்கு, உன் தாய்மாமன் வைசன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உன் அம்மாவும், உன் மகள் தியாமிகேயும், நானும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், பசி மட்டும் வேண்டாம். ஷிரே ஆறு ஊருக்குள் புகுந்ததை ரேடியோவில் கேட்டு அழுதுகொண்டிருப்பாய், முதலில் கண்ணைத் துடை, பிள்ளை இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்கிறாள். போன் கோபுரம் சாய்ந்துவிட்டதால் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேறு யார் கதை சொன்னாலும் நம்பாதே, நடந்தது நடந்தபடி எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலைக் கஞ்சி குடித்து முடிக்கவில்லை, தண்ணீர் மூன்று பனை உயரத்துக்கு வந்தது. வந்தபோது முழங்கால் அளவுதான் என்பாள் உன் அம்மா, உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன தெரியும். அவளுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை, தூக்கித்தான் போக வேண்டும். வழக்கமாக நான் நாலு பேரைத் தூக்குவேன், அன்று கஞ்சி குறைவு. அதனால் பிள்ளையை நம் சோளக் குதிருக்குள் இறக்கினேன், நாலு கால்மேல் உயரமாக நிற்கிறதே என்று. போன வருடம் ரோடு போட்டவர்களிடம் மிச்சத் தார் வாங்கி அதன் அடியெல்லாம் பூசினேனே, "ரோட்டையே சமைச்சுத் தின்ன மாதிரி இருக்குண்ணே" என்று உன் அம்மா வருடம் முழுக்கத் திட்டினாளே, அதே குதிர்தான். துணைக்கு ஒரு கோழியையும் போட்டு மூடியைக் கவிழ்த்துவிட்டு, உன் அம்மாவைத் தோளில் போட்டுக் கரையான் புற்று மேட்டுக்கு நடந்தேன். வழியில் நம் சபைக் கட்டிட நீளத்தில் ஒரு முதலை, என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது.

மேட்டில் ஏறித் திரும்பினால் நாலு கால் மட்டும் நிற்கிறது, மேலே குதிர் இல்லை. சோளம் நிறைந்த குதிர் யானை முட்டினாலும் அசையாது என்று நம் ஊரில் யாரும் அதைக் காலோடு கட்டுவதில்லை. அறுவடைக்கு முந்தின இந்தப் பஞ்சகால மாதத்தில் அது வெறுங்கூடை என்பது இந்த மாமன் மூளைக்கு எட்டவில்லை. நான் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன். உன் அம்மா, "கத்துனது போதும், வாய மூடுண்ணே, நான் பேச வேண்டியவர்கிட்ட பேசிக்கிறேன்" என்று கண்ணை மூடினாள். நானும் மூடினேன். சபையில் நான் ஜெபம் தொடங்கினாலே பாதிரியார் கடிகாரத்தைப் பார்ப்பார், உனக்குத் தெரியும். அன்று "ஆண்டவரே, பிள்ளை" என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

வெயில் சாயும் நேரம் தோணிக்காரர் ஃபலகேசா வந்தார், மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் கோழி. "கீழ மிஷன் தோப்புல புளியங்கிளையில சிக்கியிருந்துச்சுய்யா. யார் வீட்டுக் குதிர்னு விசாரிக்கவே இல்ல, அந்தத் தாரு நாத்தம் போதாதா" என்றார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். நான் கையை நீட்டினால் உன் மகள், "தாத்தா, கோழி என் மேல ஆய் போயிருச்சு" என்று முறையிடுகிறாள். உன் அம்மா என் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டு அப்புறம்தான் அழுதாள்.

குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட பெட்டிக்கும் தார்போலக் கீல் பூசியிருந்தது, எனக்கும் அப்படி ஒரு முன்னறிவிப்பு வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் உண்மை, பூசியது கரையானுக்குத்தான். கட்டாமல் விட்டவனும் நானே. போன மாதம் முழுக்க அந்த வெறுங்குதிருக்குள் தலையை விட்டு, என் வீட்டை மட்டும் மறந்துவிட்டீரா என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு நிறைந்த குதிர் சோளத்தோடு நின்ற இடத்திலேயே அமிழ்ந்து கிடக்கிறது. அவர் மறக்கவில்லை மகளே, பிள்ளைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

காத்தவர் உன்னையும் போக்கிலும் வரவிலும் காப்பாராக. ஜெபம் செய்யாமல் வேலைக்குக் கிளம்பாதே. ஈஸ்டருக்கு வரும்போது நல்ல தடித்த கயிறு ஒன்று வாங்கி வா.

உன் தாய்மாமன்,
வைசன்

முதலை பாதிச் சபை நீளம்தான் இருக்கும்.